நாற்பதாவது உறுப்பினர்

உலகில் நடக்கும் நற்செயல்களில் பெரும்பகுதி வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்குள் முடிந்துவிடுகிறது என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் இன்னும் கவனிக்கவில்லை. மகளிர் நலச் சங்கம் கூடும் நேரம் அதுதான். பத்தொன்பது ஆண்டுகளாகச் சமுதாயக் கூடத்தின் முன்னறையில் அமர்ந்து, முப்பத்தெட்டே உறுப்பினர்களை வைத்துக்கொண்டு, சங்கம் மனித குலத்தை உயர்த்தி வருகிறது. மனித குலத்துக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

இந்த மாபெரும் இயக்கத்தின் அச்சாணி அதன் செயலாளர். ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியை. மூன்று பிரதி எடுக்காத எதையும் நம்பமாட்டார். வெளியே கிளம்பும்போது கணவருக்கு எழுதி வைக்கும் சீட்டில்கூட, "பொருள்: பாலை அடுப்பிலிருந்து இறக்குதல்" என்று தலைப்பு இருக்கும், கீழே கையொப்பமும் "செயலாளர்" என்ற பதவியும் இருக்கும். பதினொரு ஆண்டுப் பழக்கம், கை தானாக எழுதிவிடுகிறது.

அப்படிப்பட்டவருக்குத்தான் மகளிர் சங்கங்களின் கூட்டமைப்பிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. ஆண்டு விழா நாளன்று உறுப்பினர் எண்ணிக்கை நாற்பதைத் தொடாவிட்டால் "சங்கம்" என்ற தகுதி பறிக்கப்பட்டு, வெறும் "குழு" ஆக்கப்படும். குழுவுக்குச் செயலாளர் கிடையாது, "தொடர்பாளர்" மட்டும்தான். அன்று செயலாளருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொடர்பாளர் என்று கையெழுத்துப் போட்டுப் பாலை இறக்கச் சொன்னால்கூடக் கணவர் மதிப்பாரா என்பது சந்தேகம்.

அவசரச் செயற்குழு கூடியது. தலைமை, பல் டாக்டரின் மனைவி.

"ஆள் சேர்க்க என்ன வழி?" என்றார் தலைவி.

"தொண்டர்களை கௌரவிக்கணும். அதைப் பார்த்துட்டு மத்தவங்களும் ஓடி வருவாங்க," என்றார் செயலாளர்.

"தொண்டர்னா யாரு?"

"ஆள் சேர்த்தவங்கதான்."

"இந்த வருஷம் யாருமே சேர்க்கலையே?"

"அதனாலதான் கௌரவிக்கணும்கிறேன். அப்பவாவது ஒரு ஊக்கம் வரும்ல?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. "ஆண்டின் தலைசிறந்த தொண்டர்" விருது பிறந்தது. செயற்குழுவில் ஏழு பேர். ஒரே வாரத்தில் ஏழு பரிந்துரைகள் வந்து சேர்ந்தன. ஏழும் அவரவர் கையெழுத்தில். தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொள்வது அழகல்ல என்று செயலாளருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியபோது அவர் மூன்றாவது பிரதியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

பிறகு ஆள் பிடிக்கப் புறப்பட்டார். முதல் படையெடுப்பு முனைக்கடைத் தையல்காரம்மாமீது.

"சேர்ந்தா நான் என்ன செய்யணும்?" என்று மிஷினை நிறுத்தாமலே கேட்டார் தையல்காரம்மா.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். வியாழக்கிழமை வந்து உட்கார்ந்தா போதும்."

"சும்மா உட்கார எனக்கு ஏதுங்க நேரம்? ஏதாச்சும் வேலை இருந்தா சொல்லுங்க, வந்து செஞ்சு குடுத்துட்டுப் போறேன்."

சங்கத்தைப் பற்றி மக்களிடையே எவ்வளவு தவறான எண்ணம் நிலவுகிறது என்று வருந்தியபடி செயலாளர் படியிறங்கினார். வேலை கேட்பவர்களை எந்த உட்பிரிவில் சேர்ப்பது என்று விதிமுறைகளில் இல்லை.

கடைசியில் கைகொடுத்தவர் நாத்தனார். "அண்ணி, உங்க நச்சரிப்பு தாங்காமதான் கையெழுத்துப் போடறேன். கூட்டம் கீட்டம்னு கூப்பிட்டீங்க, வந்து பேரை அடிச்சுட்டுப் போயிடுவேன்," என்றார். சங்கத்தின் மரபை இவ்வளவு விரைவில் புரிந்துகொண்ட உறுப்பினரைச் செயலாளர் அதுவரை கண்டதில்லை. எண்ணிக்கை முப்பத்தொன்பது ஆயிற்று. விழாவுக்கு மூன்று நாள் இருந்தது. ஒரே ஒரு ஆள் வேண்டும்.

விருது விவகாரம் வேறு முடியவில்லை. ஏழு பேரில் யாருக்குக் கொடுத்தாலும் மீதி ஆறு பேர் விலகிவிடுவார்கள். அப்புறம் குழுவுக்குக்கூட ஆள் தேறாது. ஆதாரத்தை வைத்து முடிவு செய்யலாம் என்று செயலாளர் சமுதாயக் கூடத்துக்குப் போய்ச் சங்க அலமாரியைத் திறந்தார். ஆண்டறிக்கையில் ஒவ்வோர் ஆண்டும் முதல் பக்கத்தில் மின்னும் திட்டம் ஒன்று உண்டு. தனியாக இருக்கும் வயதான பெண்களுக்கு மருத்துவமனை போக ஒரு துணை. இவ்வாண்டு நூற்றுப் பன்னிரண்டு முறை. திட்ட நோட்டின் அட்டையிலிருந்து அந்த எண்ணை எடுத்துத் தட்டச்சு செய்யும்போதெல்லாம் செயலாளருக்கு நெஞ்சு விம்மும். அந்த நோட்டை அவர் பிரித்துப் பார்த்தது அன்றுதான்.

தேதி, நோயாளி, துணைக்குப் போனவர் என்று மூன்று பத்திகள். மூன்றாவது பத்தியில் நூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் ஒரே சொல் எழுதியிருந்தது: "நான்."

செயலாளர் தலைவிக்குப் போன் செய்தார். "துணைக்குப் போறது நீங்களா?"

"நானா? நீங்கதான்னுல்ல நினைச்சேன்! போன வருஷம் மேடையில உங்களைப் பாராட்டிப் பேசினேனே!"

பேசினார்தான். செயலாளரும் தன்னடக்கத்தோடு தலைகுனிந்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார். எதற்காகப் பாராட்டுகிறார்கள் என்று விசாரிப்பது அவையடக்கம் ஆகாதே! மற்ற ஐவருக்கும் போன் போனது. ஒவ்வொருவரும் இன்னொருவர் என்றே எண்ணி, இத்தனை ஆண்டுகளாக மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அப்போது பின்னாலிருந்த சமையலறையில் டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. சாவி அக்கா. கூடத்தைத் திறப்பவர், நாற்காலி போடுபவர், டீ ஊற்றுபவர், கடைசியில் விளக்கணைத்துப் பூட்டுபவர். சமுதாயக் கூடத்தின் ஊழியர் என்று சங்கம் நினைத்திருந்தது. சங்கத்தின் ஊழியர் என்று கூடத்து மேலாளர் நினைத்திருந்தார்.

"அக்கா, இந்த நோட்டுல 'நான்'னு எழுதறது யாருன்னு தெரியுமா?"

"நான்தாம்மா."

"நீங்களா? நீங்க ஹாலுக்கு வேலை பார்க்கறவங்கதானே?"

"இல்லம்மா. எனக்கு லாண்டரியில சாயங்கால ஷிஃப்ட். காலையில சும்மாதானே இருக்கேன்னு போயிட்டு வருவேன்." சாவி அக்கா டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "எட்டு வருஷம் முன்னாடி சங்கத்துல சேரலாம்னு வந்தேன். வாசல்ல நீங்கதான் நின்னீங்க. 'ஃபாரம் தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வாங்க. வந்ததுக்கு இந்த நாற்காலியைக் கொஞ்சம் போட்டுட்டுப் போங்க'ன்னு சொன்னீங்க. போட்டேன். அடுத்த வாரமும் ஃபாரம் வரலை. நாற்காலி இருந்துச்சு, போட்டேன்."

செயலாளருக்கு உடம்பெல்லாம் கூசியது. எட்டு வருஷம். இந்தப் பெண்ணின் பெயரைக்கூட அவர் கேட்டதில்லை. டீயில் சர்க்கரை தூக்கல் என்று மட்டும் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். நியாயமாக அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்க வேண்டும், அழத்தான் வந்தது. ஆனால் அதற்குள் முப்பத்தொன்பதும் ஒன்றும் நாற்பது என்று ஒரு கூட்டல் கணக்கு குறுக்கே வந்து நின்றுவிட்டது. வெட்கமும் கணக்கும் சேர்ந்து வந்தால் நல்ல செயலாளர் கணக்கைத்தான் முதலில் கவனிப்பார்.

"அக்கா, நீங்க இப்பவே மெம்பராச் சேர்ந்துடணும்."

"சேர்ந்தா என்னம்மா செய்யணும்?"

"ஐயோ, ஒண்ணுமே செய்ய வேண்டாம். எங்க எல்லாரையும் மாதிரி வந்து உட்காருங்க, போதும். இங்க மெம்பர்னா எல்லாரும் சமம்."

"ஒண்ணுமே செய்ய வேண்டாமா?"

"ஒண்ணுமே!"

சாவி அக்கா சற்று யோசித்தார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டார்.

விருதையும் அவருக்கே கொடுப்பதென்று முடிவாயிற்று. ஏழு பேரும் பெருந்தன்மையோடு தங்கள் பரிந்துரைகளை வாபஸ் வாங்கினார்கள். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்த அந்த மாண்பு ஆண்டறிக்கையில் தனிப் பத்தியாக இடம்பெற்றது.

விழா நாளன்று கூட்டமைப்பின் பார்வையாளர் வந்து தலைகளை எண்ணினார். நாத்தனார்கூட, எண்ணிக்கைக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வந்திருந்தார். சரியாக நாற்பது. பார்வையாளர் கையெழுத்திட்டார், சங்கம் சங்கமாகவே நிலைத்தது, செயலாளர் செயலாளராகவே மூச்சுவிட்டார். சட்டம் போட்ட சான்றிதழைத் தலைவி வழங்க, சாவி அக்காவை மேடையில் நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அன்று காலை அவரே போட்ட நாற்காலி.

"ரெண்டு வார்த்தை பேசுங்க," என்று மைக்கை நீட்டினார் தலைவி.

சாவி அக்கா எழுந்தார். கூடத்துச் சாவியையும் நோட்டையும் செயலாளரின் மடியில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. எட்டு வருஷமா உங்களையெல்லாம் பார்த்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு என்னையும் உங்கள்ல ஒருத்தியா ஆக்கிட்டீங்க. இனிமே நானும் உங்க எல்லாரையும் மாதிரியே தொண்டு செய்வேன்."

கூடம் அதிரக் கைதட்டல். பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளரும் தட்டினார், தட்டிய கையோடு மடியிலிருந்த நோட்டைப் பிரித்தார். நாளைய தேதி. காலை ஏழரை மணி. நோயாளி, பழைய டெலிபோன் ஆபரேட்டர் அம்மா, கண்ணில் போட்ட கட்டைப் பிரிக்க வேண்டும். துணைக்குப் போகிறவர் என்ற பத்தி காலியாக இருந்தது.

கை தானாக நின்றது. எழுந்து மைக்கை வாங்கினார்.

"நாளைக்குக் காலையில ஏழரை மணிக்கு டெலிபோன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். கண்ணு தெரியாம தனியா உட்கார்ந்திருப்பாங்க. யாரு வர்றீங்க?"

கைதட்டல் ஓய்ந்தது. தலைவி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். செயற்குழு முழுவதும் பார்த்தது. மற்ற உறுப்பினர்களும் பார்த்தார்கள். நாத்தனார் பார்த்தார். நடு நாற்காலியில் மறுபடி அமர்ந்திருந்த சாவி அக்காவும், பழுத்த உறுப்பினரைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்தார்.

தானும் பார்க்கலாமா என்று செயலாளர் ஒரு கணம் யோசித்தார். ஆனால் அந்தத் தொண்டுக்கு ஏற்கெனவே முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள்.