ராணி சீட்டில் ஒரு துண்டு

துண்டு கையை விட்டுப் போன பிறகுதான் வேலாயுதத்துக்கு உறைத்தது, இது ரயில்வே மியூசியம், இந்த வண்டி எங்கேயும் போகாது என்று.

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ராமாபுரத்துக்காரர். மைசூருக்கு வேலைக்கு வரும்வரை, கொள்ளேகால் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டே இடம் பிடித்தவர். பின்னாலிருந்து நாற்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் "ஹோ"வென்று ஓடி வந்ததும் கை தானாகத் தோளுக்குப் போய்விட்டது. அந்தக் காலத்தில் ராணி பயணம் செய்த பெட்டி அது. துண்டு ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து நடு நாற்காலியில் போய் விழுந்தது. அங்கே ஏற்கெனவே வெள்ளையாக ஏதோ கிடந்தது. ராணி காலத்து உறையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பெட்டிக்குப் பூட்டு. பெரிய பூட்டு.

"போனாப் போகுது, விட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி வடிவு.

"வீட்டுச் சாவியை அதுலதான் முடிஞ்சு வெச்சிருக்கேன்."

"ஐயோ! விருந்தே வீட்டுக்குள்ளதானுங்க இருக்கு!"

விருந்து சம்பந்திக்கு. அதாவது, சம்பந்தியாகப் போகிறவருக்கு. மகள் அனுப்ரியாவைப் பார்க்க ராமாபுரத்துக்குப் பக்கத்து ஊரான மார்டள்ளியிலிருந்து பையன் உதயகுமாரும் அவன் அப்பா லிங்கப்பனும் வந்திருந்தார்கள். சின்னஞ்சிறுசுகள் எஞ்சின் பக்கம் பேசிக்கொண்டிருந்தன. லிங்கப்பன், "அந்தப் பக்கம் சக்கரத்தைப் பாத்துட்டு வாரனுங்க" என்று போய்க் கால் மணி நேரம் ஆகிறது.

"காபி டம்ளரையே கர்ச்சீப்பால தொடைச்சுக் குடிக்கிற மனுசன். இந்தப் பட்டிக்காட்டுத்தனத்தைப் பாத்தார்னா சம்பந்தம் அவ்வளவுதான்!" என்றாள் வடிவு.

வேலாயுதம் சுற்றுமுற்றும் பார்த்தார். கையிலிருந்த குடையை உள்ளே விட்டுத் துண்டைக் கொக்கி போட்டு இழுத்தார். துண்டு இரண்டு அங்குலம் வந்தது. பிறகு நாலு அங்குலம் உள்ளே போனது.

"வடிவு, யாரோ இழுக்கிறாங்கடி!"

"ஆமா, உங்களோட சீட்டுச் சண்டைக்கு ராணியே வந்துட்டாங்க. நல்லா இழுங்க."

நல்லா இழுத்தார். குடையும் போய்விட்டது. எதிர் ஜன்னலின் கனத்த திரை மட்டும் லேசாக ஆடியது.

ஆவேசத்தில் கையையே உள்ளே விட்டார். போன கை திரும்பவில்லை. கடிகாரம் கம்பியில் மாட்டிக்கொண்டது.

"நெய் தடவினா வழுக்கிட்டு வந்துடும்." வடிவு சம்பந்திக்காக வாங்கிய மைசூர்பாக்கைப் பிரித்து, மணிக்கட்டில் போட்டுத் தேய்த்தாள். கை வரவில்லை. எறும்பு வந்தது.

அந்த நேரம் பார்த்து உதயகுமாரும் அனுப்ரியாவும் வந்து நின்றார்கள்.

"மாமா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல தம்பி... ராணி சீட்டு மெத்துன்னு இருக்கான்னு பாக்கறேன்."

"அப்பா!" என்று அனுப்ரியா தலையில் அடித்துக்கொண்டாள். வேண்டாம் வேண்டாம் என்று இவர் கத்துவதற்குள் உதயகுமார் காவலாளியைக் கூப்பிட ஓடிவிட்டான்.

காவலாளி பசவராஜ் சாவிக்கொத்தோடு வந்தார். வேலாயுதத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அண்ணா, பொண்ணு கல்யாண விஷயம். பையனோட அப்பா வர்றதுக்குள்ள எடுத்து விட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

பசவராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்வல்ப இருங்க சார், வரிசைப்படிதான் வருவேன். இதே சீட்டுக்கு உங்களுக்கு முன்னாடியே துண்டு போட்ட மார்டள்ளிக்காரர் ஒருத்தர், யார்கிட்டயோ புடுங்கின குடையோட அந்தப் பக்கம் கை மாட்டி நிக்கிறார்; 'பொண்ணோட அப்பா வர்றதுக்குள்ள எடுத்து விடுங்க'ன்னு ஒரே அழுகை!"