பூஜி மாற்றிய மாப்பிள்ளை

சிவப்பு விளக்கு விழுந்ததும் கிதிர் முகம்மது பிரேக்கை மிதித்தார். ஹாரன் அடித்தது.

அவருடைய மோட்டார் சைக்கிளின் சுபாவம் அது. ஹாரன் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் ஆகாது. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அலறும். முன்விளக்கைப் போட்டால் இன்ஜின் நின்றுவிடும். கைப்பிடி முறுக்கைத் தளர்த்தினாலும் நின்றுவிடும். ஆகவே, வண்டி நிற்காமல் ஓடவேண்டுமானால் எங்கேயும் நிற்கக்கூடாது. சைகோனில், அதுவும் ஹாய் பா சுங் தெருவில், அது நடக்கிற காரியமா?

சந்தியில் நின்ற வெள்ளை உடுப்புப் போலீஸ்காரர், தன்னைப் பார்த்துத்தான் ஹாரன் அடிக்கிறான் என்று முறைத்தார். கிதிர் ஒரு மன்னிப்புச் சிரிப்புச் சிரித்தார். சிரித்ததில் கை தளர்ந்தது. இன்ஜின் நின்றது. உடனே பச்சை விளக்கு விழுந்தது. புத்தம்புது ஹோண்டாக்களில் வந்த இளவட்டங்கள் இரண்டு பக்கமும் பிரிந்து பறக்க, நட்டநடுவில் கிதிர் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தார்.

கிதிர் காரைக்கால்காரர். பிரெஞ்சு ரப்பர்க் கம்பெனி ஒன்றில் கிளார்க். நாட்டை விட்டுக் கிளம்பிய தோட்டத் துரை ஒருவர் கப்பலில் ஏற்ற மனமில்லாமல் விட்டுப்போன வண்டி அது. ஏன் மனமில்லை என்பது கிதிருக்குப் பிறகுதான் விளங்கியது. அவருக்கும் வண்டிக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முப்பத்தைந்துக்கு மேல்.

ஆனால் இப்போது அவருக்கு ஒரு விடிவுகாலம் தெரிந்தது. தொங் யு பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் சோற்றுக்கடை நடத்தும் ஜெய்த்தூன் பீவிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நஸீம் பானு கல்லாவில் உட்காருவாள். இளையவள் ஜன்னத்துல் பிர்தௌஸ் சமையற்கட்டுத் திரைக்குப் பின்னால் இருப்பாள். கிதிரின் வண்டி கடை வாசலில் செத்துப்போகும்போதெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்கும். வேறு யாராவது சிரித்திருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும். இந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே தினமும் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார். ஒருநாள் மீன் ஆணத்தைப் புகழ்ந்த கையோடு பெண்ணையும் கேட்டுவிட்டார்.

ஜெய்த்தூன் பீவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற வண்டியையும் அதே மாதிரி பார்த்தார்.

"வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு வாங்க தம்பி. வண்டியோட வாங்க."

"வண்டியோடயா மாமி?"

"ஆமா. வண்டியையும் நல்லாப் பாக்கணும்."

அவர்கள் குடும்ப வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருக்கவேண்டும். ஆளோடு வண்டியும் வந்து சேரும். வந்து சேருகிற சாமானைப் பார்த்து வாங்குவதில் தப்பில்லையே என்று கிதிர் நினைத்தார். ஆனால் இந்த வண்டியைப் பார்த்து யார் பெண் கொடுப்பார்கள்?

கீழ் அறையில் குடியிருந்த ஏகப்பன் செட்டியார் தைரியம் சொன்னார். அவர் தெண்டாயுதபாணி கோவில் காரியங்களைக் கவனித்துக்கொள்பவர். எந்த மோட்டார் வண்டியையும் ஓட்டியதில்லை. அதனால் எல்லா மோட்டாரையும் பற்றி அவருக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு.

"இது சின்ன விசயம் மரைக்காரே. கார்புரேட்டர்ல ஒரு ஸ்க்ரூ இருக்கு. அதைத் திருகுனா நின்ன எடத்துலயும் இன்ஜின் ஓடும்."

"எந்தப் பக்கம் திருவணும்?"

"மொதல்ல ஒரு பக்கம். சரியா வரலைன்னா மறுபக்கம்."

முதல் பக்கத்திலேயே ஏகப்பனின் கை வசமாக விழுந்தது. இன்ஜின் நின்ற இடத்தில் ஓடியது. ஓடிய ஓட்டத்தில் பக்கத்து வீட்டுக் கூண்டிலிருந்த கோழிகள் கத்தின. கிதிரும் ஏகப்பனும் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டதும் வண்டி அம்பாய்ப் பாய்ந்தது. முறுக்கைத் தளர்த்தினாலும் வேகம் குறையவில்லை. பென் தான் சந்தை ரவுண்டானாவில் இறங்கிவிட்டு, அப்புறம் எந்தத் தெருவுக்குள் திரும்புவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். மிதித்த பிரேக்குக்கு ஹாரன் மட்டும் சளைக்காமல் அடித்தது. தர்பூசணி விற்ற அம்மாள் ஒவ்வொரு சுற்றுக்கும் கையசைத்தாள்.

"நிறுத்துங்க மரைக்காரே!" என்று பின்னாலிருந்து ஏகப்பன் அலறினார்.

"சாவி வேல செய்யல செட்டியாரே!"

"அப்ப லைட்டைப் போடுங்க! லைட்டைப் போட்டா நிக்குமில்ல!"

பட்டப்பகலில் கிதிர் லைட்டைப் போட்டார். இன்ஜின் நின்றது.

"முருகன் காப்பாத்துனான்" என்றார் ஏகப்பன், இறங்கி வேட்டியைக் கட்டிக்கொண்டு.

"பல்பு காப்பாத்திச்சு" என்றார் கிதிர்.

இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு மெக்கானிக்கிடம் போனார்கள். மெக்கானிக்கின் பெயர் சாவ். வியட்நாமிய மொழியில் அது ஆறு என்ற எண்தான் என்றாலும், பெயரைக் கேட்டதும் ஏகப்பன் ஓரடி பின்வாங்கினார். சாவ் வண்டியை ஒரு முறை உதைத்தார். மோந்து பார்த்தார். இன்ஜினைக் காட்டி ஒரே வார்த்தை சொன்னார்.

"பூஜி."

ஏகப்பன் முகம் மலர்ந்தது. "பூஜை போடணுமாம்! நான் அப்பவே நெனச்சேன். இந்த ஊர்க்காரகளுக்கும் தெரிஞ்சிருக்கு பாருங்க."

"பூஜை இல்ல செட்டியாரே. பூஜின்னா பிரெஞ்சுல மெழுகுவத்தி. மெழுகுவத்தி கொளுத்தச் சொல்றாரு."

"வண்டிக்கு எதுக்கு மெழுகுவத்தி?"

"வண்டிக்கு எதுக்குப் பூஜை?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். பதில் சொல்லவேண்டிய சாவ், "பூஜி, பூஜி" என்று மறுபடி சொல்லிவிட்டு எதையோ தேடிக் கடைக்குள் போய்விட்டார்.

"ரெண்டையும் செஞ்சுருவோம். எது பலிக்குதோ பலிக்கட்டும்" என்றார் ஏகப்பன்.

"நான் பூஜையெல்லாம் போடமுடியாது."

"ஒங்கள யாரு போடச் சொன்னா? நான் போடறேன். நீங்க அந்தப் பக்கமா நின்னு மெழுகுவத்தியக் கொளுத்துங்க."

எதிர்க்கடையில் தேங்காயும் மெழுகுவத்தியும் கிடைத்தன. கிதிர் மெழுகுவத்தியை ஏற்றி இன்ஜின் மேல் நட்டார். உதைத்து உதைத்து நிரம்பி வழிந்த கார்புரேட்டரிலிருந்து அதற்குச் சாண் தூரத்தில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. ஏகப்பன் கண்ணை மூடித் தேங்காயை ஓங்கிய நேரத்தில் சாவ் வெளியே வந்தார்.

"சோய் ஓய்!" என்று ஒரு கூச்சல். பஞ்சர் பார்க்க வைத்திருந்த தொட்டித் தண்ணீர் அப்படியே வந்து வண்டி மேலும் மெழுகுவத்தி மேலும் ஏகப்பன் மேலும் விழுந்தது.

அதன்பிறகு சாவ், இன்ஜின் தலையிலிருந்து வெள்ளைப் பீங்கான் வைத்த ஒரு சின்னத் துண்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்திச் சொன்னார்.

"பூ… ஜி."

ஏகப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அட, பிளக்கு! இதுக்கு எவன் மெழுகுவத்தின்னு பேரு வச்சான்?"

"பிரெஞ்சுக்காரன்."

"அதான் ஊரைவிட்டுப் போயிட்டான்."

புதுப் பூஜி ஏறியது. ஆனால் தண்ணீர் ஒயர்களுக்குள் இறங்கிவிட்டது. யாரும் தொடாமலே ஹாரன் அடிக்கத் தொடங்கியது. சந்தே கூடிவிட்டது. சாவ் ஒயர்களையெல்லாம் பிடுங்கி, சேமியா காயவைப்பது போலக் கொடியில் போட்டார்.

கிதிர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த அரைகுறை வியட்நாமிய மொழியில் வெள்ளிக்கிழமையையும் பெண்ணையும் கல்யாணத்தையும் கோர்த்துச் சொன்னார். இலக்கணம் எங்கேயோ போயிற்று. கண் கலங்கியது மட்டும் பிழையில்லாமல் வந்தது. சாவ் அவர் தோளில் எண்ணெய்க் கையை வைத்தார். அந்த வாரம் வந்த மற்ற வண்டிகளையெல்லாம் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வண்டியைப் பார்த்த கிதிருக்கு நம்பிக்கை வரவில்லை. பிரேக்கை மிதித்தால் வண்டி நின்றது. லைட்டைப் போட்டால் லைட்டு எரிந்தது. கையை எடுத்தாலும் இன்ஜின் தொப் தொப்பென்று சமர்த்தாக ஓடியது.

ஜும்மா முடிந்தது. பள்ளிவாசலிலிருந்து சோற்றுக்கடைக்கு நடந்தே போகலாம். இருந்தாலும் கிதிர், அத்தர் பூசிய வெள்ளைச் சட்டையில், பின்னால் பெரிய மனிதராக ஏகப்பனை வைத்துக்கொண்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு போய் இறங்கினார். இன்ஜினை நிறுத்தவில்லை. அது பாட்டுக்கு ஓடியது.

வாசலுக்குச் சிரித்த முகமாக வந்த ஜெய்த்தூன் பீவி வண்டியைப் பார்த்தார்.

"என்னா தம்பி, நிக்கலையே?"

"இனிமே நிக்காது மாமி! எல்லாம் ரிப்பேர் பண்ணியாச்சு." நிறுத்திவிட்டு மறுபடி உதைத்துக் காட்டினார். "பாத்தீங்களா, ஒரே ஒதை!"

"தூ டுக் வரைக்கும் போவுமா?"

"தூ டுக் என்னா, பின் யுவோங்கையும் தாண்டிப் போவும்!"

பீவியின் சிரிப்பு குறைந்தது. "ராத்திரில?"

"லைட்டு பகலாட்டம் எரியிது மாமி!"

சிரிப்பு மொத்தமாகப் போயிற்று. காரியம் கெடுகிறது என்று ஏகப்பனுக்குத் தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்.

"பின்னாடி ஒரு ஆளை வச்சுக்கிட்டும் பறக்குது ஆச்சி!"

கல்லாவில் நஸீம் பானு தம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று பீவி உள்ளே திரும்பினார். திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. கிதிர், இன்னும் எதைக் காட்டவில்லை என்று தவித்தார்.

"மாமி, ஹாரனக் கேக்கலையே!"

அழுத்தினார். ஹாரன் அடித்தது. கையை எடுத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. முன்விளக்கு பளிச்சென்று ஒரு முறை எரிந்து அணைந்தது. இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. கடைசியில் ஹாரனும் ஆடு கத்துவதுபோலத் தேய்ந்து ஓய்ந்தது. கிதிர் உதைத்தார். ஏகப்பன் உதைத்தார். அத்தர் வாசனை போய் வியர்வை வாசனை வந்ததுதான் மிச்சம்.

திரைக்குப் பின்னால் அந்தச் சிரிப்பு கேட்டது.

கிதிர் தலையைத் தூக்க வெட்கப்பட்டு, மெல்லத் தூக்கினார். ஜெய்த்தூன் பீவி படியில் நின்றிருந்தார், பெருநாள் பிறையைப் பார்த்த முகத்தோடு.

"இனிமே கெளம்பாதா?"

"கெளம்பாதுபோலத்தான் இக்கிது மாமி."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். தள்ளிக்கிட்டுத்தான் போவணும்."

"தள்ளிக்கிட்டு எங்க போறது? உள்ள கொண்டாந்து நிறுத்துங்க மாப்புள! வர்ற மாசமே நிக்காஹ வச்சிக்குவோம். நஸீமு, மாப்புளைக்கு சர்பத்து கொண்டா!"

ஏகப்பன் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. சர்பத்தோடு வந்த நஸீம் பானுவிடம் கிதிர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்னாங்க இது? ஓடற வண்டியப் பாத்து மொகத்தத் திருப்புனாஹ. ஓடாத வண்டியப் பாத்து பொண்ணு குடுக்குறாஹ?"

நஸீம் பானு தம்ளரை நீட்டினாள்.

"எங்க வூட்டுக்காரஹ ஹோண்டாவும் ஒரே ஒதையிலதான் கெளம்பிச்சு, மச்சான். ரெண்டு வருஷமாவுது, இன்னும் வந்து சேரல."