கட்டில் காலைப் பிடித்த ஸ்ட்ரைக்

தஞ்சாவூர் ஜில்லாவில் அந்த வருஷம் நடந்த வேலைநிறுத்தங்களில் பாதியை நடத்தியவர்கள் செங்கொடிக்காரர்கள். மீதிப் பாதியை நடத்தியவன் எங்கள் கல்லூரி ஹாஸ்டலில் என்னோடு பி.யூ.சி. படித்த ஒரே ஒரு பையன். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ இருந்தது. ஹாஸ்டல் வைத்த பெயர் ஸ்ட்ரைக்.

நல்ல குண்டு. நடந்தால் மூச்சு வாங்கும். என் அறையில் அடுத்த கட்டில் அவனுடையது. முதல் நாள், "உங்கப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டான். "விவசாயம்" என்றேன். "எங்கப்பாவும் விவசாயந்தான்" என்றான். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. என் அப்பா சேற்றில் நின்று செய்த விவசாயத்தை அவன் அப்பா மன்னார்குடியில் ஊஞ்சலில் உட்கார்ந்து செய்தார். அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே சீனியர்கள் வந்துவிட்டார்கள். வராந்தாவைத் தீக்குச்சியால் அளக்க வேண்டும் என்றார்கள். நான் உடனே குனிந்துவிட்டேன். குனிவது எனக்குப் பழக்கமான வேலை. ஸ்ட்ரைக் மட்டும் நின்றபடியே, "ரெண்டு பேருக்கு ஒரு குச்சி பத்தாதுண்ணே. ஆளுக்கு ஒண்ணு குடுங்க, இல்லாட்டி வேலை நிறுத்தம்" என்றான். முதுகில் ஒன்று விழுந்தது. உடனே, "சரிண்ணே, மெதுவா வேலை செய்யற போராட்டம்" என்று உட்கார்ந்தான். ஒவ்வொரு குச்சி நீளத்துக்கும் ஒரு பெருமூச்சு. சாப்பாட்டு மணி அடித்தபோது வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. சீனியர்களுக்குப் பசி தாங்கவில்லை, போய்விட்டார்கள்.

சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று உண்ணாவிரதமும் இருப்பான். காலை டிபனை முடித்துக்கொண்டு தொடங்குவான். மத்தியான மணி அடித்ததும், "பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுறாங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போவான்.

ஆட்சி மாறிய புதிது. ஊரில் எல்லாச் சுவரிலும் தமிழ் வாழ்ந்தது. வகுப்பில் மட்டும் இங்கிலீஷ். கிராமத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஸ்ட்ரைக் எழுந்து நின்றான்.

"என்னப்பா?"

"புரியல சார். புரியற வரைக்கும் நிக்கிறேன்."

"அப்ப நில்லு" என்றார் இங்கிலீஷ் வாத்தியார். அவன் தினமும் நின்றான். பின்பெஞ்சுக்காரர்கள் அவன் முதுகு தந்த மறைவில் நிம்மதியாகத் தூங்கினார்கள். கடைசியில் வாத்தியாருக்கே எரிச்சல் வந்து, மணி அடிக்கும் முன்னால் பாடத்தின் சாரத்தைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். "இந்த நிக்கிற மகாராஜாவுக்காகச் சொல்றேன்" என்பார். நான் இங்கிலீஷில் தேறியது அந்த மகாராஜாவின் கால் வலியில்தான்.

தை நெருங்கியது. முத்துப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊரில் சம்பா அறுவடை நின்றுபோனது. கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு யாரும் வயலில் இறங்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் பையன்கள், "ஆளுங்களுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு" என்று பேசிக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். அந்த ஆளுங்களில் என் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாஸ்டல் வாசலில் கார் வந்து நின்றது. ஸ்ட்ரைக்கின் அப்பா எங்கள் அறைக்கு வந்தார். பின்னாலேயே அவருடைய காரியக்காரர். எங்கள் ஊர்ப் பண்ணை முதலாளியை நான் பார்த்ததே இல்லை. காரியக்காரரைப் பிறந்ததிலிருந்து தெரியும். வரப்பில் குடையோடு நின்று எங்கள் ஆட்களை விரட்டுகிற மனிதர் அவர்.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார்.

"நீ மாரிமுத்து மவன்தானே? என்னடா கட்டில்ல உக்காந்திருக்க?"

எழுந்துவிட்டேன். நான் சொல்லாமலே கால் எழுந்தது. வாசலில் கூடியிருந்த பையன்கள் எல்லாரும் கேட்டார்கள்.

ஸ்ட்ரைக் என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். பிறகு என்னிடம், "உக்காருடா" என்றான். நான் உட்காரவில்லை.

அவன் அப்பா அதையெல்லாம் கவனிக்கவில்லை. "வெளியாளு இறக்கியாச்சு. போலீஸ் பந்தோபஸ்தும் இருக்கு. நம்ம வீட்டுப் புள்ள ஒண்ணு வயல்ல நிக்கணும். கெளம்பு."

"வரலப்பா. ஸ்ட்ரைக்."

"யார எதுத்துடா?"

"உங்களத்தான்."

கன்னத்தில் அறை விழுந்தது. அவன் தொப்பென்று தரையில் விழுந்து, கட்டிலுக்கு அடியில் நுழைந்து, இரும்புக் காலைக் கட்டிக்கொண்டான். டிரைவரும் காரியக்காரரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். கட்டிலும் அவனோடு வராந்தா வரைக்கும் வந்தது. ஹாஸ்டலே சிரித்தது. தலையெல்லாம் ஒட்டடையோடு அவனைக் காரில் ஏற்றினார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அறுவடை நடந்தது. மறித்து உட்கார்ந்த பெண்களைப் போலீஸ் அடித்துத் தூக்கியது. என் அம்மாவுக்கு வலது மணிக்கட்டு ஒடிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கையால் அவள் நாற்று நட்டதில்லை. அரை மரக்காலும் கிடைக்கவில்லை.

பொங்கல் கழித்து இரண்டு பேரும் ஹாஸ்டலுக்குத் திரும்பினோம்.

"உங்கம்மான்னு எனக்குத் தெரியாதுடா. நான் சும்மா வரப்புல நின்னேன்" என்றான்.

"நின்னேல்ல" என்றேன். அந்த வருஷம் அவனிடம் நான் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

காரியக்காரர் வந்துபோனதிலிருந்து சாப்பாட்டுக் கூடத்தில் என் பக்கத்துப் பலகைகள் காலியாகிவிட்டன. ஸ்ட்ரைக் தினமும் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். சாம்பார் எப்படி இருந்தாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். வகுப்பிலும் உட்கார்ந்துகொண்டான். "என்னப்பா, புரியுதா?" என்று வாத்தியார் கேட்டார். "புரியுது சார்" என்றான். பரீட்சையில் தேறவில்லை. மறுவருஷம் அவன் வரவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான் என்று யாரோ சொன்னார்கள்.

பரீட்சை முடிந்து நான் ஊருக்குக் கிளம்பிய அன்று, என் தகரப்பெட்டியின் பூட்டு உடைந்திருந்தது. எங்கிருந்தோ கயிறு கொண்டு வந்து அவனே கட்டினான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மூச்சு வாங்கச் சுமந்து வந்து ஏற்றிவிட்டான். ஜன்னலோரம் நின்று, "பாத்துப் போடா" என்றான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா இடது கையால் அந்தக் கட்டை அவிழ்க்க முடியாமல் திணறினாள்.

"யாருப்பா இவ்வளவு கெட்டியா கட்டிக் குடுத்தது?"

"கூடப் படிக்கிற பையன்."

சிநேகிதன் என்று சொல்ல எனக்கு இன்னும் சில வருஷம் பிடித்தது.