கரடியார் அருவி பார்க்கப் போனது

ஒரு காட்டில், சரியாகச் சொன்னால் காட்டுக்குக் கொஞ்சம் வெளியே, கோமதிநாயகம் என்று ஒரு கரடியார் இருந்தார். முன்பு அவரும் காட்டுக்குள்தான் இருந்தார். ஒருநாள் ஆட்கள் வந்து எல்லைக்கல் நட்டு, 'இதற்கு அப்பால் பாதுகாக்கப்பட்ட காடு, அனுமதியின்றி நுழையக் கூடாது' என்று பலகை வைத்துவிட்டுப் போனார்கள். கரடியாரின் குகை கல்லுக்கு இப்பால் விழுந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்தவர். அன்றிலிருந்து கல்லைத் தாண்டவில்லை.

அவர் மனைவி ஆவுடையம்மாள் பிறந்தது கல்லுக்கு அப்பால், அருவிக்கரையில். அந்த வருஷம் அவளுக்குக் கண்ணில் புரை விழுந்தது.

"ஏங்க, பார்வை அடங்குறதுக்குள்ள அந்த அருவிய ஒரு தடவ பாத்திரணும்" என்றாள்.

அதுவரை அவள் எதையும் கேட்டதில்லை. கரடியாருக்கு மனசு தாங்கவில்லை. "அதுக்கென்ன, முறைப்படி போய்ட்டு வருவோம்" என்றார்.

சோதனைச்சாவடிச் சன்னலில் ஒரு மந்தி உட்கார்ந்திருந்தது. கரடியார் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற ஆமை தூங்கிவிட்டது. எழுப்புவது மரியாதையில்லை என்று, அது விழிக்கும்வரை காத்திருந்தார்.

"அருவிக்கு ரெண்டு சீட்டு வேணும்."

"எல்லாம் ஆன்லைன்ல அண்ணாச்சி" என்றது மந்தி.

"போன்ல தேய்ச்சுப் பாத்தேன். நகம் பட்டு கண்ணாடி போயிட்டு."

மந்தி இரக்கப்பட்டு ஒரு தாளை நீட்டியது. "அங்க கரடி நடமாட்டம் உண்டு. எது நடந்தாலும் நாங்களே பொறுப்புன்னு கையெழுத்துப் போடுங்க."

"நாங்களே கரடிதானப்பா?"

"அது எனக்குத் தெரியுது. தாளுக்குத் தெரியாதுல்லா?"

கரடியார் கையெழுத்துப் போட்டார். மந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தது. "போட்டோ வேணும். மூஞ்சிய முடி மறைக்கக் கூடாது."

முடியில்லாத கரடி முகத்துக்கு எங்கே போவது? இருந்தாலும் கரடியார் மனைவியின் முகத்தையும் தன் முகத்தையும் ஓடைத் தண்ணீரால் படிய வாரிக்கொண்டு, அவளைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு, அடிவாரத்து ஊருக்குள் இறங்கினார். ஸ்டூடியோக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே, "உக்காருங்க, நாடிய லேசாத் தூக்குங்க" என்றார். கேமராவுக்குள் கண்ணை வைத்தார். பிறகு கேமராவை விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினார்.

ஊரே கூடிவிட்டது. தகரம் தட்டினார்கள், வெடி போட்டார்கள், எல்லாவற்றையும் செல்போனில் பிடித்தார்கள். ஆவுடையம்மாள் நடுங்கினாள். கரடியார் அவளைத் திறந்து கிடந்த ஒரு வெல்ல மண்டிக்குள் ஒதுக்கினார். கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் ஆவுடையம்மாள் ஒரு அச்சு வெல்லம் தின்றாள். அப்புறம் மிச்சத்தையும் தின்றாள். "தப்பு, ஆவுடை" என்று சொல்லிக்கொண்டே கரடியாரும் தின்றார்.

சாயங்காலம் வனத்துறை ஜீப் வந்தது. பின்னால் வந்த வண்டியில் பெரிய கூண்டு. கூண்டுக்குள் பழுத்த பலாப்பழம். வந்தவர்கள் மரியாதைக்காரர்கள் என்று நினைத்துக் கரடியார் மனைவியோடு ஏறி உட்கார்ந்தார்.

வண்டி நேரே மலை ஏறியது. சோதனைச்சாவடியில் மந்தி எழுந்து நின்று, தடுப்புக் கட்டையைத் தூக்கி, சல்யூட் அடித்தது. போட்டோ கேட்கவில்லை.

அருவிக்கரையில் கூண்டைத் திறந்துவிட்டு ஆட்கள் ஜீப்புக்குள் ஒளிந்துகொண்டார்கள். ஆவுடையம்மாள் சத்தம் வந்த திசையில் தட்டுத்தடுமாறி நடந்து, சாரலில் முகத்தைக் கொடுத்து நின்றாள்.

"தெரியுதா?" என்றார் கரடியார்.

"வெள்ளையா என்னமோ விழுகு. அதேதான், எங்க ஊர்த் தண்ணி."

"நமக்குச் சீட்டு இல்லியே" என்று முனகினார் கரடியார்.

"பேசாமக் குளிங்க."

குளித்தார்.

வீடு திரும்பியதும் பக்கத்துப் புதர் முள்ளம்பன்றி ஓடிவந்தது. புல்வெளி பார்க்க அது விண்ணப்பம் போட்டு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. "உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணாச்சி?"

கரடியாருக்குப் பொய் சொல்ல வராது. நடந்ததை நடந்தபடி சொன்னார். முள்ளம்பன்றி கவனமாகக் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு சந்தேகம் கேட்டது:

"புல்வெளிக்குப் போகணும்னா எந்தக் கடைல புகணும்?"

நீதி: அனுமதி கேட்கிறவனை வாசலில் நிறுத்துவார்கள், அட்டகாசம் செய்கிறவனை அருவிவரை கொண்டுபோய் விடுவார்கள். ஆகையால் பிள்ளைகளே, சுற்றுலா கிளம்புமுன் ஒரு மண்டியையாவது காலி செய்யுங்கள்.