இரட்டைக் குன்றுகள் எழுந்த வரலாறு

ஒரு மலை உண்டாகக் கோடி ஆண்டுகள் ஆகும் என்று சொல்லித் திரிபவர்கள் அந்த நில அளவை அலுவலகத்தைப் பார்த்ததில்லை. அங்கே ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே, இரண்டு குன்றுகள் எழுந்துவிட்டன.

பழைய காகித வரைபடத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் போதும். ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துச் செல்லும் பழுப்புக் கோடுகளைக் கணினி தானே பிரித்தெடுத்துவிடும். மனிதக் கை படாத துல்லியம்! கோட்டுக்கு மேல் குட்டி வட்டம் தெரிந்தால் அது குன்று. பத்து மீட்டர் கூட்டிக்கொள்ளும்.

வரைபடக் காப்பாளர் அம்மா திரையைப் பார்த்துத் திடுக்கிட்டார். குன்றுகள் எழுந்த இடம் அவருடைய அக்கா குடியிருக்கும் தெரு. தூறல் போட்டாலே செருப்பு மிதக்கும் பள்ளம் அது. இயக்குநரிடம் ஓடினார்.

“சார், அது குன்று இல்ல. கோட்டு மேல உயரம் நூறுன்னு எழுதியிருக்கு. அந்த நூறுல இருக்கிற ரெண்டு சைபர் சார்!”

“உங்க அக்கா வீடு அங்கதானே இருக்கு?”

“ஆமா சார்.”

“அப்ப இது சொந்த நலன். ஃபைல்ல ஏத்த முடியாதும்மா.”

வெள்ள மீட்புப் படகுப் பட்டியலிலிருந்து அந்தத் தெரு கௌரவமாக நீக்கப்பட்டது. குன்றுவாசிகளுக்குப் படகு எதற்கு? காப்பாளர் அம்மா உரிய இணைப்புகளோடு மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் ஒரே பதில்: ‘கடிதம் கிடைத்தது. குன்று உறுதி செய்யப்பட்டது.’

ஐப்பசி மழை இந்தப் பதிலைப் படிக்கவில்லை.

“ஏண்டி, உங்க குன்று மேல இடுப்பளவு தண்ணி!” என்று போனில் கத்தினாள் அக்கா. “உங்க மாமா பீரோ மேல உக்காந்திருக்கார். படகு கேட்டா, மலைக்கெல்லாம் வராதாம்!”

கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் மொட்டைமாடியிலிருந்து உருட்டிவிட்ட காலித் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டுதான் இருவரும் கரை சேர்ந்தார்கள்.

விசாரணைக் குழு உடனே கூடியது. குன்றின் உயரம் நூற்றுப்பத்து மீட்டர், அதற்கு மேல் இடுப்பளவு நீர். ஆக வெள்ளம் நூற்றுப்பதினொரு மீட்டர். அலுவலகத் தரையோ வெறும் நூற்றைந்து.

“சார், நம்ம ஆபீஸ் வாசப்படிகூட நனையலையே?”

“கணக்குப்படி ஆறு மீட்டர் முழுகியிருக்கு. கையெழுத்துப் போடுங்கம்மா.”

ஆறு மீட்டர் நீருக்கடியிலும் இருக்கையை விட்டு நகராமல் கடமையாற்றியதற்காக இயக்குநருக்குப் பாராட்டுப் பத்திரம் வழங்கப்பட்டது. ஊரையே மூழ்கடிக்க இருபத்திரண்டு அதிகாரிகள் மளமளவென்று கையெழுத்திட்டார்கள். இரண்டு சைபரை அழிக்க ஒரு கை கிடைக்கவில்லை.