என் புருசனின் டி.என்.ஏ.

பென்சன் எடுத்து வீட்டில் குந்திய மூன்றாம் கிழமை, என் புருசன் றெஜிக்கு டி.என்.ஏ. வந்துவிட்டது. அதுவரை அவருக்கு மூக்கடைக்கும் தடிமனும் வாயுவும் மட்டும்தான் இருந்தன.

"ஜொய்ஸ், இஞ்ச பாரு! ஃபோனிலயிருந்து வாற றேடியோ அலை மனுசக் கலத்துக்குள்ள போய் டி.என்.ஏ.யை உடைக்குதாம். ஆராய்ச்சிக் கட்டுரை!"

"உடைஞ்சா?"

"பெரிய ஆபத்து. இண்டையிலயிருந்து இந்த வீட்டுக்குள்ள ஆரும் ஃபோன் கதைக்கப்படாது."

ஆரும் என்றால் நான்தான். அவருக்கு ஃபோனில் கதைக்க ஆளில்லை. நானோ தினமும் காலை பத்து மணிக்கு மெல்பேர்ன் அக்காவோடு ஒரு மணித்தியாலம் கதைப்பேன். பாதி நேரம் அவரைப் பற்றித்தான். அதை நிறுத்த வழி தேடிய மனுசனுக்கு விஞ்ஞானமே கைகொடுத்துவிட்டது.

கான்வென்டில் படித்தவள் நான். கட்டுரையை வாங்கி ஒரு வரி விடாமல் வாசித்தேன். பிறகு முகத்தைப் பயந்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

"நீங்க சொல்றது சரிதான். உங்கட டி.என்.ஏ.க்கு ஒண்டும் ஆகப்படாது. நான் வீட்டுக்குப் பின்னால வாவிக்கரையில நிண்டு கதைக்கிறன்."

அவர் முகம் சுருங்கியது.

"அங்க முதலை வருமே!"

"அதுக்கும் டி.என்.ஏ. இருக்குத்தானே? ஃபோனைக் கண்டா ஓடிரும்."

மறுநாள் பத்து மணி. அடுப்பில் இறால் கறி. கரண்டியை அவர் கையில் கொடுத்தேன்.

"துழாவிக்கிட்டு இருங்க. அடிப்பிடிக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"அக்கா ஃபோனை வைக்கும் வரைக்கும்."

வாவிக் காற்று சுகமோ சுகம். ஒரு மணித்தியாலம் இரண்டானது. செவ்வாய்க்கிழமை தேங்காய் திருவினார். புதன் மீன் வெட்டினார். மீன் அவரை இரண்டு இடத்தில் வெட்டியது. வியாழன் வெங்காயம் உரித்து அழுதார். வெங்காயம் முடிந்த பிறகும் அழுதார்.

வெள்ளிக்கிழமை, தலையெல்லாம் தேங்காய்ப்பூவோடு, கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வாவிக்கரைக்கே ஓடி வந்தார்.

"ஜொய்ஸ்! வீட்டுக்குள்ள வந்து கதை! இதைக் கடைசி வரைக்கும் இப்பதான் வாசிச்சன். சில ஆய்வில உடையுதாம், சில ஆய்வில உடையல்லயாம். முடிவா ஒண்டும் சொல்லேலாதாம்!"

"கொஞ்சம் பொறு அக்கா" என்று ஃபோனைப் பொத்தினேன்.

"அதை நான் முதல் நாளே வாசிச்சிட்டன். நீங்க போய்க் கறியைப் பாருங்க, தீயுற மணம் வருது."