ரெண்டு காதும் ஒரு காதுக்காரியும்

கள்ளக்குறிச்சி ஜில்லாவில் அவர் அளவுக்குத் திட்டு வாங்கின மனுசன் கிடையாது. அந்தத் திட்டை அவர் அளவுக்கு ரசிச்ச மனுசனும் கிடையாது.

பேர் ரெண்டு காது. பெத்தவங்க வைத்த பேர் வேற. ஆபீசில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம், உரக்கடை மாடியில் எங்க ஆபீஸ். கேபிள் டிவி, இன்டர்நெட் கனெக்சன். நான் லைன்மேன். கம்பம் ஏறுவேன், ஒயர் இழுப்பேன். அவர் போன் எடுப்பார். டிவி வரலை, நெட் வரலை என்று கூப்பிடுகிறவர்கள் முதலில் அவரிடம்தான் கத்துவார்கள்.

அவருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது.

வலது காதில் கஸ்டமர். இடது காதில் கம்ப்யூட்டர். ஸ்கிரீனில் இருக்கிற எழுத்தை எல்லாம் ஒரு பொம்பளைக் குரல் படிச்சுச் சொல்லும். அதுக்கென்று ஒரு சாஃப்ட்வேர். அவர் கீபோர்டைத் தட்டத் தட்ட அவள் படிப்பாள். ரெண்டு காதும் ரெண்டு பக்கம் வேலை செய்யும். வாய் தனியாக "வணக்கம்ங்க" சொல்லும். பேர் வந்தது அதனால்தான். குரலுக்கு நாங்க வைத்த பேர் காதுக்காரி.

ஸ்கிரீனை எப்பவும் அணைச்சே வைத்திருப்பார். ஒரு தடவை மெட்ராஸ் ஆபீசிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். கறுப்பு ஸ்கிரீனுக்கு முன்னாடி ஒருத்தர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேசுகிறார். அதிகாரிக்குக் கோபம்.

"சிஸ்டத்த ஆஃப் பண்ணிட்டு யார்கிட்டய்யா பேசிக்கினு இருக்க?"

"உள்ள ஓடிக்கினுதான் இருக்குதுங்க சார். எனுக்குப் படம் வேணாம், வசனம் போதும்."

சொல்லிவிட்டு இடது காது ஒயரைக் கழற்றி அதிகாரி காதில் வைத்தார். காதுக்காரி சும்மா பேசமாட்டாள். பட்டாசுச் சரம் கொளுத்தின மாதிரிப் பேசுவாள். அதிகாரி முழித்தார்.

"இது இன்னா பாஷ?"

"தமிழ்தாங்க சார்."

காதுக்காரியோடு அவருக்குச் சண்டையும் உண்டு. சங்கராபுரத்திலிருந்து ஒரு டீச்சரம்மா நெட் வரலை என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் காதுக்காரி ஓட்டமாக ஓடினாள். இவர் அவளை அதட்டினார்.

"இருடி. எதுக்கு இப்டி பறக்கற?"

டீச்சரம்மா போனை வைத்துவிட்டு பஸ் ஏறி நேரில் வந்துவிட்டார். சமாதானம் பண்ண எங்களுக்கு ரெண்டு டீ செலவு.

இன்னொரு கூத்து பேர். கம்ப்யூட்டரில் எல்லார் பேரையும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்திருந்தார்கள். காதுக்காரி அதைத் தன் இஷ்டத்துக்குப் படிப்பாள். காளியப்பன் என்பதைக் கேலியப்பன் என்பாள்.

"வணக்கம்ங்க, கேலியப்பன் சாருங்களா?"

"யார்ரா அவன்? டிவி வரலன்னு சொன்னா கேலியா பண்ற?"

அதுக்கு அப்புறம் அவரே, "உங்க பேரு இன்னாங்க?" என்று முதலில் கேட்டுவிடுவார். என் பேரை மட்டும் திருத்தவில்லை. நான் ஏழுமலை. காதுக்காரிக்கு நான் எலுமலாய். அவருக்கும் அதே.

"டேய் எலுமலாய், வெள்ளிமலையில ஒயரு அறுந்துக்கினு கெடக்குதாம். கெளம்பு."

"அண்ணே, என் பேரு ஏழுமலை."

"அது ஊருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் நீ எலுமலாய்தான்."

திட்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் அவர் கேட்கிற முதல் கேள்வி, பெட்டியில் என்ன கலர் லைட் எரிகிறது என்பது.

"இன்னா கலரா இருந்தா உனுக்கு இன்னா? நீ வந்து பாருய்யா!"

"நான் வந்தா ஒண்ணும் பாக்கமாட்டேங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"கொழுப்பாடா உனுக்கு?"

அப்புறம் ஆரம்பிக்கும். அப்பன் ஆத்தாள் வரைக்கும் போகும். இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பாதிப் பேச்சில் என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வார். "எப்டித் திட்டறான் பாரு, மூச்சே உடாம" என்பார்.

இந்த மனுசனுக்குக் கிறுக்கு என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் ஒருத்தன் அடிக்கவே வந்துவிட்டான். ரெண்டு நாளாக அவன் வீட்டில் டிவி இல்லை. மாடிப்படி ஏறும்போதே கெட்ட வார்த்தை.

"எவன்டா அவன், போன்ல கலரு கேக்கறவன்?"

"நான்தாங்க," என்று இவர் எழுந்து நின்றார். கையில் வெள்ளைக் குச்சி.

அவன் அப்படியே நின்றான். பார்த்தான். குரல் இறங்கிவிட்டது.

"ஐயோ பாவம். தெரியாமப் பேசிட்டேங்க சாமி. மெதுவாவே சரி பண்ணுங்க."

ரெண்டு காதுக்கு வந்ததே கோபம். "திட்டத்தான வந்த? திட்டிட்டுப் போய்யா!" அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

அன்னைக்கு அவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார்.

"இந்த வேலைக்கு முன்ன பஸ் ஸ்டாண்டுல ஊதுவத்தி வித்தேன் எலுமலாய். வர்றவன் கையில காச வெப்பான். ஊதுவத்திய எடுக்கமாட்டான். கூப்புட்டாலும் நிக்கமாட்டான். அதுக்குப் பேரு வியாபாரமா? போன்ல அப்டி இல்ல. கண்ணு இருக்கறவன எப்டித் திட்டுவானோ, அப்டியே என்னத் திட்டறான். இந்த சீட்டு போச்சுன்னா மறுபடியும் பஸ் ஸ்டாண்டுதான்டா."

பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

அப்புறம் புது சாஃப்ட்வேர் வந்தது. எழுத்தே இல்லை. எல்லாம் படம். போனுக்குப் போன் படம், ரிப்பேருக்கு ஸ்பேனர் படம். மேனேஜருக்கு ஒரே குஷி.

"சின்னப் புள்ளகூட அழுத்தலாம். எவ்ளோ ஈசி பாருங்க!"

காதுக்காரிக்குப் படம் படிக்கத் தெரியாது. அவர் தட்டத் தட்ட, "பட்டன். பட்டன். பட்டன்." அவ்வளவுதான் சொன்னாள்.

"எனுக்கும் ஈசிதாங்க சார். எல்லாமே பட்டன்," என்றார்.

அன்னைக்கே எதையோ அழுத்தி, சங்கராபுரத்து ரிப்பேர் வெள்ளிமலைக்குப் போய்விட்டது. நான் மலை ரோட்டில் வண்டியை உருட்டிக்கொண்டு போனால், அந்த வீட்டுக்காரர் கட்டிலில் படுத்துப் படம் பார்க்கிறார்.

"எங்க வூட்ல நல்லாத்தான் வருது. நீ எதுக்கு வந்த?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"அப்ப உக்காரு. நல்ல சீனு வருது."

நானும் அவரும் ஒரு வழி பண்ணினோம். சாப்பாட்டு நேரத்தில் நான் ஸ்கிரீனைப் போட்டுப் படங்களை வரிசையாகச் சொல்வேன். அவர் அதைப் பாட்டாக்கிக்கொள்வார். "போனு, ஸ்பேனரு, பூட்டு, மணி, குப்பத்தொட்டி." அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எண்ணித் தட்டுவார். தப்பு வரவில்லை. ஆபீஸ் பூராவும் அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தது. மேனேஜர்கூடப் படி இறங்கும்போது பாடினார்.

பிழைத்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு திங்கட்கிழமை மெட்ராஸிலிருந்து படங்களை இடம் மாற்றிவிட்டார்கள். யாருக்கும் சொல்லவில்லை. அவர் பழைய பாட்டையே பாடித் தட்டினார். ரிப்பேர் எல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போனது. சாயங்காலம்தான் தெரிந்தது.

"பாட்டு மாறிப்போச்சுடா," என்றார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. படங்களுக்குப் பேர் வையுங்கள், காதுக்காரி படிப்பாள் என்று மேலே எழுதினார். அடுத்த தடவை பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த தடவை வரவே இல்லை. அதுக்குப் பதிலாக மிஷின் வந்தது. இனிமேல் கஸ்டமர் கூப்பிட்டால் மிஷினே பேசும். மனுசர் வேண்டாம்.

கடைசி நாள் கடைசிப் போன் தியாகதுருகத்துக்காரர் ஒருத்தர். நல்ல தொண்டை. அவர் திட்டி முடிக்கிற வரைக்கும் ரெண்டு காது குறுக்கே பேசவில்லை. இடது காது ஒயரைக் கழற்றிவிட்டு, போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"வேற எதுனா சொல்லணுங்களா?"

"இன்னும் இன்னாய்யா சொல்லச் சொல்ற?"

"ரொம்ப நன்றிங்க."

ஒயரைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார். குச்சியைத் தட்டிப் படி இறங்கினார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் அவர் அக்கா வீடு. சாமைக் காடு உண்டு. அங்கே போய்விட்டார். மலையில் வேலை விழுந்தால் நான் போய்ப் பார்ப்பேன். ஒரு தடவை போனபோது கேட்டார்.

"அந்த மிஷினு எப்டிடா பேசுது? போடு, கேப்போம்."

ஸ்பீக்கரில் போட்டேன். பொம்பளைக் குரல். வணக்கம் சொன்னது. ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. உங்கள் லைன்மேன், எலுமலாய்."

அவர் கையை நீட்டி என் தோளைப் பிடித்தார்.

"அவளேதான்டா."

நானும் கேட்டேன். அவளேதான்.

"எங்கிட்ட எப்டி ஓடுவா! இப்ப பாரு, எவ்ளோ நிதானமா நடக்கறா," என்றார். "இத்தினி நாளு காதுக்குள்ள இருந்தா. இப்ப சீட்லயே உக்காந்துட்டா. போவட்டும் உடு. தெரிஞ்சவதான."

சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா கொண்டுவந்த சாமைச் சோறு ஆறிப்போனது.

"எலுமலாய், ஒண்ணு கேக்கறேன். அவள யாராவது திட்டறாங்களா?"

"திட்டறாங்கண்ணே. அவதான் காதுல வாங்கறதில்ல."

"வேஸ்ட்டு," என்றார்.

போன மழைக்குக் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சேதி கேட்டு நான் மலை ஏறுவதற்குள் மண் தள்ளிவிட்டார்கள். அக்கா அழும்போது ஒரு பேர் சொல்லி அழுதது. யார் அது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அவருடைய பேர்தான்.

என் வீட்டு லைன் நல்லாத்தான் இருக்கிறது. இருந்தாலும் எப்பவாவது அந்த நம்பருக்கு அடித்து ஒரு புகார் கொடுப்பேன். காதுக்காரி நிதானமாகச் சொல்வாள், "உங்கள் லைன்மேன், எலுமலாய்."

"சொல்லுண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவேன்.